ரீஃபிங்: "பாய்ச்சுருக்கம்" வேண்டாம், "மடக்கு" போதும்

> ரீஃபிங் = பாய்ச்சுருக்கம், ஃபர்லிங் = பாய்ச்சுருட்டு என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, பாய்மரப் படகில் காற்றுக்கேற்பப் பாயின் பரப்பைக் குறைப்பது ரீஃபிங், பாயைச் சுருட்டி வைப்பது ஃபர்லிங். நீங்கள் தந்த தமிழ்ச்சொற்கள் தாளில் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இவை மேல்தளத்தில் கத்திச் சொல்ல வேண்டிய ஏவல்கள். 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) காற்றில் "சுருக்கு", "சுருட்டு" இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும்.

"மடக்கு" என்பது என் முன்மொழிவு. ஏவலும் பெயரும் அதுவே: முதல் மடக்கு, மடக்குக் கயிறு, மடக்குக் கண். செய்முறையில் பொருத்திப் பாருங்கள். பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைத்தண்டு) சரியாதபடி, அதைத் தூக்கிப் பிடிக்கும் கயிறான டாப்பிங் லிஃப்டை இறுக்கி, பாயின் கோணத்தை மாற்றும் கயிறான ஷீட்டைத் தளர்த்து. ஆஞ்சானை (பாயை ஏற்றி இறக்கும் கயிறு) இளக்கிப் பாயை இறக்கு. முன்விளிம்பின் மடக்குக் கண்ணை (பாயில் பதித்த வளையத் துளை) கொக்கியில் மாட்டி, ஆஞ்சானை மீண்டும் இறுக்கு. பிறகுதான் பின்விளிம்பின் மடக்குக் கயிற்றை வின்ச்சில் (கயிறு இழுக்கும் சுழல் உருளை) இழு. பின்விளிம்பை முதலில் இறுக்கிவிட்டால் ஆஞ்சான் ஏறாது, துணி கோணலாக இழுபடும்.

அவிழ்க்கும்போது பூமோடு சேர்ந்த சிறு கட்டுகள்தான் முதலில். ஒன்றை மறந்து பாயை ஏற்றினாலும் இழுவிசை முழுதும் அந்த ஒரு கண்ணில் விழுந்து பாய் கிழியும்.

> இன்னும் சுருக்கமாக "மடி"?

"இருமடி" என்றால் இரண்டு பங்கு. பாயைக் குறைக்கும் வேலைக்கு நேர் எதிரான பொருள் அது!

> "புயலொடுக்கம்" பொருள் பொதிந்ததாக இருக்கிறதே, அம்மா?

இதை ஏற்க முடியாது. மடக்குக்குப் புயல் தேவையில்லை. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல், பெரும்பகுதி பின்காற்று. 20 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் ஓடினால் தளத்தில் உணர்வது 14 நாட்தான்; இதமாக இருக்கும். மடக்குவதற்காகக் காற்றை நோக்கித் திரும்பினால் அதுவே 25-ஐ நெருங்கும். விசை வேகத்தின் வர்க்கப்படி கூடுவதால் பாய்மீதான அழுத்தம் மூன்று மடங்கு. அதனால்தான் பின்காற்றில் முன்கூட்டியே மடக்குகிறார்கள், குறிப்பாக இரவு தொடங்குமுன்.

காற்றில்லாத இடத்திலும் மடக்குவதுண்டு. நிலநடுக்கோட்டருகே காற்று 4 நாட் அளவுக்கும் கீழே போய், பழைய அலையேற்றம் மட்டும் படகை உருட்டும்போது, பெரும்பாய் இருபுறமும் மாறிமாறி அடித்துத் தையலையும், பாயை விறைப்பாக்கும் பட்டைகளைச் செருகும் பைகளையும் அறுத்துவிடும். அப்போது ஒரு மடக்குப் போட்டு, பூமை நடுவில் இழுத்துக் கட்டுவார்கள். அல்லது பாயையே இறக்கிவிடுவார்கள்.

இந்த அடிப்புக்கும் ஒரு சொல் வேண்டும். காற்றுக்கு நேரே நிற்கும்போது பாய் "படபடக்கிறது". அலையாட்டத்தில் அது "அறைகிறது". இரண்டின் காரணமும் மருந்தும் வேறு: படபடப்புக்குச் சுக்கானையோ ஷீட்டையோ திருத்தினால் போதும், அறைதலுக்கு அது உதவாது. ஸ்லாட்டிங் = பாயறைதல் என்று பட்டியலில் சேர்க்கலாம்.

> முன்பாயைப் பாதி சுருட்டிக் குறைப்பது ரீஃபிங்கா, ஃபர்லிங்கா?

நோக்கம் மடக்கு, வழி சுருட்டு. "சுருள்மடக்கு" எனலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் பாயின் வயிறு உப்பி வடிவம் கெடும், காற்றை நோக்கி ஏறாது. அந்த நிலையில் சிறிய முன்பாய்க்கு மாற வேண்டும். அந்தச் சிறு பாய்க்கான சொல்லை அடுத்து எடுத்துக்கொள்வோம்.