சி-8: டூபான்ட் நிறுவனத்தின் வெளிப்படைத்தன்மையை எதை வைத்து மதிப்பிடுவது?

நீரோட்டம்:
அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பார்க்கர்ஸ்பர்க் நகரை ஒட்டி ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ளது ரசாயன நிறுவனமான டூபான்டின் வாஷிங்டன் வொர்க்ஸ் ஆலை. அது, ஒட்டாத பாத்திரப் பூச்சாகப் பயன்படும் டெஃப்லானைத் தயாரிப்பதற்காக 1951 முதல் த்ரீஎம் நிறுவனத்திடமிருந்து சி-8 என்னும் வேதிப்பொருளை வாங்கிப் பயன்படுத்தியது. சி-8 மண்ணிலும் நீரிலும் சிதைவதில்லை; மனித இரத்தத்தில் புகுந்தால் அதன் அளவு பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் பிடிக்கும். 1961-லேயே அது விலங்குகளின் ஈரலைப் பெருக்கச் செய்வதை நிறுவனத்தின் நச்சியலாளர்கள் கண்டிருந்தனர். 1984-இல் ஆலைக்கு வெளியே லூபெக், லிட்டில் ஹாக்கிங் ஆகிய ஊர்களின் குழாய் நீரை நிறுவனமே எடுத்துச் சோதித்து, அதில் சி-8 கலந்திருப்பதை அறிந்துகொண்டது. 1991-இல் குடிநீருக்கு நூறு கோடியில் ஒரு பங்கு என்ற உள்வரம்பையும் வகுத்தது. இத்தனையும் நடந்த காலத்தில் அந்த நீரைக் குடித்து வந்த மக்களிடம் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. ஒரு நிறுவனம் தனக்குத் தெரிந்ததை, அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் எப்போது சொன்னது என்பதே என் அளவுகோல். அதன்படி டூபான்ட் தேறவில்லை.

தராசுமுள்:
ஆண்டுகளில் எனக்கு மறுப்பில்லை, தீர்ப்பை ஏற்க முடியவில்லை. 1976-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அப்போது புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 வேதிப்பொருள்களைச் சோதனையின்றியே தொடர அனுமதித்தது. சி-8 அவற்றில் ஒன்று. அரசு எந்த வரம்பும் விதிக்காத ஒரு பொருளுக்குத் தானாகவே ஆய்வுகள் நடத்தி, தனக்கென ஒரு வரம்பையும் வகுத்த நிறுவனத்தைப் பொறுப்பற்றது என்று எப்படிச் சொல்வது? 2002-இல் மேற்கு வர்ஜீனியா மாநிலக் குழு வகுத்த வரம்பே நூறு கோடியில் 150 பங்கு என்று இருந்தது. மேலும் அந்த நீரைக் குடித்த மக்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட 2004-ஆம் ஆண்டு உடன்பாட்டில், சி-8க்கும் நோய்களுக்கும் தொடர்புண்டா என்பதில் மூன்று நோய்ப்பரவலியல் வல்லுநர்கள் கொண்ட தனிக் குழுவின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக டூபான்ட் ஒப்புக்கொண்டது. தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய அறிவியலுக்கு முன்கூட்டியே தலைவணங்கும் நிறுவனங்கள் மிகச் சில.

நீரோட்டம்:
நண்பர் காட்டும் 150 பங்கு, நிறுவனத்தின் சொந்த வரம்பைப் போல் 150 மடங்கு. தன் ஆய்வாளர்கள் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று கருதியிருக்க, அந்த 1991-ஆம் ஆண்டிலேயே ஓர் ஊரின் நீரில் அதைப் போல் மூன்று மடங்கு இருப்பதும் தெரிந்திருக்க, சட்டத்தில் வரம்பில்லை என்பது எப்படிச் சமாதானமாகும்? சட்டமும் அவ்வளவு ஊமையாக இருக்கவில்லை. கணிசமான ஆபத்தைக் காட்டும் தகவல் கிடைத்தவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே 1976 சட்டம் கூறுகிறது. 1981-இல் கர்ப்பிணியான ஒரு தொழிலாளியிடமிருந்து அவருடைய சிசுவுக்கு சி-8 சென்றிருப்பதை நிறுவனத்தின் சோதனை காட்டியது. அந்த ஆண்டே பெண் தொழிலாளர்களை டெஃப்லான் பிரிவிலிருந்து மாற்றினார்கள். ஆபத்து என்று கருதாமலா மாற்றினார்கள்? இந்தத் தகவலையும் குடிநீர்த் தகவலையும் தெரிவிக்கத் தவறியதாக அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-இல் நடவடிக்கை எடுத்தது. 2005-இல் டூபான்ட், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 1.65 கோடி டாலருக்கு அதை முடித்துக்கொண்டது. மாதிரி எடுத்தவரை எனக்குக் குறையில்லை. முடிவை அலமாரியில் பூட்டியதுதான் குற்றம்.

உலைக்களம்:
ரசாயன ஆலைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், கையாளுதலைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். சி-8 கழிவை எரிக்க வேண்டும் அல்லது ரசாயனக் கழிவுக்கென்றே அமைந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது, தயாரித்து விற்ற த்ரீஎம்மின் பரிந்துரை. ஆற்றிலோ சாக்கடையிலோ விடக் கூடாது என்று டூபான்டின் சொந்த அறிவுறுத்தலும் கூறியது. நடந்தது என்ன? கழிவு ஒஹையோ ஆற்றில் கலந்தது. சி-8 தோய்ந்த 7,100 டன் கசடு, அடியில் தடுப்பு இல்லாத குழிகளில் கொட்டப்பட்டு நிலத்தடி நீருக்குள் இறங்கியது. டூபான்டின் டிரை ரன் கழிவுக் கிடங்கை ஒட்டிய ஓடையில் நீர் குடித்த மாடுகள் மடிந்ததால், அவற்றின் உரிமையாளரான விவசாயி 1998-இல் ராபர்ட் பிலாட் என்னும் வழக்கறிஞரை நாடினார். உள் ஆவணங்கள் வெளியே வந்ததற்கு அந்த வழக்குதான் காரணம். எழுதி வைத்த விதியைத் தானே மீறிய ஆலைக்கு, அரசின் வரம்பு எவ்வளவு என்ற கேள்வி தேவையே இல்லை.

தராசுமுள்:
கசடு விஷயத்தில் வாதாட எனக்கு இடமில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுமார் 69,000 பேரின் இரத்த மாதிரிகளையும் உடல்நல விவரங்களையும் திரட்ட அந்த 2004 உடன்பாடுதான் வழி செய்தது. 2012-இல், சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு பாதிப்புகளுடன் சி-8க்குத் தொடர்பிருக்கக்கூடும் என்று அறிவியல் குழு கூறி முடித்தபோது, அந்தப் பொதுத் தொடர்பை எதிர்த்து வழக்காடும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கவில்லை. 2006-இல், சி-8ஐப் படிப்படியாகக் கைவிடுவதற்கான அரசின் திட்டத்தில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் டூபான்டும் ஒன்று. 2015-க்குள் சி-8 கைவிடப்பட்டது. முதல் நாற்பது ஆண்டுகளை மட்டும் வைத்து எடை போடுவது நியாயமாகாது.

நீரோட்டம்:
பிந்தைய ஆண்டுகளையே பார்ப்போம். 2000-இல் த்ரீஎம் சி-8 தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அத்தோடு நிறுத்தாமல், வட கரோலினாவின் ஃபேயட்வில் ஆலையில் 2002-இல் டூபான்ட் தானே அதைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் அதற்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ், அதே ஆலையிலிருந்து கேப் ஃபியர் ஆற்றில் கலந்து வில்மிங்டன் மக்களின் குடிநீருக்குள் வந்தது. 2015-இல் டூபான்டிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் நிறுவனத்தின் கைக்கு ஆலை மாறியிருந்த நிலையில், 2017-இல் செய்தித்தாளைப் பார்த்துத்தான் அந்த மக்கள் இதை அறிந்தார்கள். லூபெக்கில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை தராசுமுள் எடுத்துக் காட்டட்டும். என் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்வது பற்றிப் பிறகு பேசலாம்.