புதுப்பிப்பு: கல்லடியில் நாயோடு போய்ச் சாப்பிட இடம் கிடைத்தது

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் எங்கள் நாய் ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட எங்கே இடமிருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் டவுனுக்குள் ஒரு கடைக்குப் போனோம். வாசலிலேயே மறித்துவிட்டார்கள். சரிவந்தது, "வெளியே கதிரை போட்டிருக்கும் கடற்கரைக் கடையாகப் பாருங்கள், சனி ஞாயிறு வேண்டாம்" என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். திங்கட்கிழமை பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போனோம். கடைக்கார அண்ணனிடம் கேட்டதும், "அந்த ஓரத்து மேசையில கட்டுங்க தம்பி" என்றார். பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் தண்ணீரும் அவரே கொண்டுவந்து வைத்தார். ஜிம்மி மேசைக்குக் கீழே மணலைத் தோண்டி, ஈரம் தெரிந்ததும் அதில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. எங்களுக்கு அதுவே போதும்.

எதிர்பார்க்காதது தெருநாய்கள். கொத்துரொட்டி வாசத்துக்கு மூன்று வந்து உறுமின. கட்டிக் கிடந்த ஜிம்மிக்கு ஓட வழியில்லை. அதனால் சுவரோரமாக இருங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாயைத் தயவுசெய்து கூட்டிப்போக வேண்டாம்.

கொத்திலேயே கொஞ்சம் கொடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுக்காதீர்கள். அதில் போடும் வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். நாங்கள் வீட்டிலிருந்தே சோறும், உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீனும் கொண்டுபோனோம்.

அப்புறம், வெயில் தாழ்ந்த பிறகே போங்கள். மணலில் புறங்கையை வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.