பைதான் பைண்டிங்கில் நேரம் எங்கே போகிறது? உங்கள் அனுபவம்

மண்டபம் கச்சான்:
பாக் நீரிணை அலை உயரத்துக்கான சி++ நிரல், பைதானிலிருந்து பைபைண்ட்11 (சி++ஐப் பைதானோடு இணைக்கும் பைண்டிங் நூலகம்) வழியாக அழைப்பு. விசைப்படகுகள் கிளம்புமுன் விடை வேண்டும், வரவில்லை. பெர்ஃப் (எந்த ஃபங்ஷனில் நேரம் போகிறது எனக் காட்டும் கருவி) போட்டால் பட்டியலின் உச்சியில் எங்கள் கணக்கே இல்லை! ஃப்ளோட்டை (32 பிட் எண்) டபுளாக (64 பிட் எண்) மாற்றும், நம்பை என்ற பைதான் எண் நூலகத்தின் உள் ஃபங்ஷன் உட்கார்ந்திருந்தது. காற்றுத் தரவு ஃப்ளோட்32, ஃபங்ஷன் கேட்டது டபுள். வகை பொருந்தாவிட்டால் அரே_டி (நம்பை அரேயை வாங்கும் பைபைண்ட்11 வகை) சத்தமில்லாமல் முழு அரேயையும் நகலெடுத்து மாற்றிவிடும், ஒவ்வொரு அழைப்பிலும். மாற்றத்தைத் தடுக்கும் நோகன்வெர்ட் சேர்த்ததும் டைப்எரர் (வகைப் பிழை) வந்தது. ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை. ஃப்ளோட்32-க்கே தனி ஓவர்லோட் (அதே பெயரில் இன்னொரு ஃபங்ஷன்) எழுதினோம். ஆனால் இத்தனை நாள் ஏன் ஓர் எச்சரிக்கைகூட இல்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

தொண்டி வாடை:
அண்ணே, எல்லாவற்றுக்கும் நகல்தான் காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். என் கைக்கு வந்த கடல்மட்ட நிரலில் நகலே கிடையாது. ஃபார் லூப்பில் ஒவ்வொரு எண்ணாக அனுப்பியிருந்தார்கள். அரேயிலிருந்து ஓர் எண்ணை எடுத்தாலே நம்பை புது ஸ்கேலர் பொருள் உண்டாக்கும். அப்புறம் ஆர்க்யுமென்ட் சரிபார்ப்பு, ஓவர்லோட் தேடல், விடைக்கு இன்னொரு பொருள். இத்தனைக்கும் உள்ளே நடப்பது இரண்டே பெருக்கல். லூப்பை சி++ பக்கம் தள்ளிய அன்றே சரியாகிவிட்டது.

கீழக்கரை நிரலர்:
எனக்குச் சிக்கல் தந்தது ஐகன் என்ற சி++ மேட்ரிக்ஸ் நூலகம். அதன் மேட்ரிக்ஸ் இயல்பில் நெடுவரிசைப்படி அடுக்கும், நம்பை கிடைவரிசைப்படி. அதனால் கான்ஸ்ட் ரெஃப் (நகலெடுக்காமல் தரவைச் சுட்ட வேண்டிய, படிக்க மட்டுமான வகை) போட்டும் நகல் ஆனது, அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதே ஆர்க்யுமென்ட்டுகளை வாங்கி எதுவும் செய்யாமல் திரும்பும் ஃபங்ஷன் ஒன்றை முதலில் எழுதி அளந்து பாருங்கள். பைண்டிங்கின் செலவு மட்டும் தனியாகத் தெரியும். அது தெரியாமல் சி++ குறியீட்டைச் செதுக்குவது வீண். எஸ்டிடி வெக்டரை (சி++ பட்டியல் வகை) ஆர்க்யுமென்ட்டாக வைக்காதீர்கள், ஒவ்வோர் உறுப்பாக மாற்றப்படும். கணக்கு நீளமானால் ஜிஐஎல்லை (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் பைதானை ஓட்டவிடும் பூட்டு) விடுவியுங்கள், ஆனால் அந்த நேரத்தில் பைதான் பொருள் எதையும் தொடக்கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் நானோபைண்ட் பாருங்கள். பைபைண்ட்11-ஐத் தொடங்கிய வென்சல் யாக்கோப் எழுதியதுதான், அழைப்புச் செலவு நன்றாகக் குறையும். பைதான் 3.8-இல் வந்த வெக்டர்கால் என்ற வேகமான அழைப்பு முறையை அது பயன்படுத்துகிறது.

மண்டபம் கச்சான்:
தொண்டி தங்கச்சி, உங்கள் நிரலுக்கு அது சரி. எங்களுக்கு ஒரு மணி நேரத் தரவுக்கு ஒரே அழைப்பு, அழைப்புச் செலவு அதில் தெரியவே தெரியாது. கீழக்கரை அண்ணன் சொன்ன காலி ஃபங்ஷனை இரண்டு பேரும் ஓட்டி, விடையை இங்கேயே போடுவோமா?