பேத்தியோட லண்டன்ல பொம்புளப் புள்ளையள்ற புட்போல் மெச் பார்க்கப் போறன், என்னெல்லாம் கவனிக்கணும்?

கல்லடி அம்மம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடி. லண்டன்ல மகளுக்கு ரெண்டாவது புள்ள கிடைச்சிரிக்கு, சரக்குக்கறி வச்சுக் குடுக்க ஆளில்ல எண்டு வாற மாசம் போறன், மூணு மாசம் நிப்பன். ஈஸ்ட்ஹாம் பக்கம்தான் அவட வீடு. விசா, டிக்கட் எல்லாம் சரி. இப்ப பிரச்சின என்னண்டா மூத்த பேத்திக்கு பதினொரு வயசு, புட்போல் பைத்தியம், அறைச் சுவர் முழுக்க அலெசியா ருஸ்ஸோ, லியா வில்லியம்சன் எண்டு ஆர்சனல் கிளப் புள்ளையள்ற படம்தான், வீடியோ கோல் எடுத்தா சுகமா எண்டு கேக்க முதல் அம்மம்மா நீங்க வந்தா என்னோட மெச்சுக்கு வரணும் எண்டுதான் தொடங்குறா. மருமகனுக்கு சனி ஞாயிறும் வேல, மகள் பச்சப்புள்ளையோட, அப்ப மிச்சம் நான்தானே.

உண்மையச் சொன்னா என்ட சீவியத்தில ஒரு மெச்சும் கிரவுண்டுக்குள்ள இருந்து பார்த்ததில்ல. வெபர் மைதானத்தில மெச் எண்டா அண்ணன்மார் போவாங்க, நாங்க சைக்கிள உருட்டிக்கொண்டு போற நேரம் சத்தம் மட்டும் கேக்கும், எட்டிப் பார்க்க நிண்டா நாம வீட்ட போய்ச் சேர முதல் கத அப்பாட காதுக்குப் போயிரும். பள்ளிக்கூடத்திலயும் எங்களுக்கு நெட்போலும் எல்லேயும்தான்.

குடிச்சிட்டு சண்ட புடிப்பாங்களாமே, சின்னப்புள்ளைய கூட்டிட்டுப் போகலாமா? டிக்கட் எப்படி எடுக்கிற? குளிர் தாங்குமா? மறுகா ஒண்டு, சிரிக்கப்படாது, கச்சான் கொண்டு போகலாமா?

ஆரையம்பதியான்:

அம்மா பயப்படாம போங்க. நான் பதினாலு வருசமா ஈஸ்ட்ஹாம்லதான், என்ட மகளோட கனக்க மெச்சுக்குப் போயிரிக்கன். ஆம்புளையள்ற மெச்சுக்கு ரெண்டு பக்க ஆக்களையும் பிரிச்சு பொலிஸ் நிக்கும், பொம்புளையள்ற மெச்சில அந்தளவுக்கு இல்ல, கனக்க இடத்தில ரெண்டு டீம் ஆக்களும் பக்கத்தில பக்கத்திலதான் இருப்பாங்க, அரைவாசி சனம் சின்னப்புள்ளையளும் தாய் தேப்பனும்தான்.

ஆர்சனல் பொம்புளையள் இப்ப லீக் மெச் அடிக்கிறது எமிரேட்ஸ்ல, அறுபதாயிரம் பேர் கொள்ற கிரவுண்ட். உங்கட ஸ்டேசன்ல ஹமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ஏறினா நேர கிங்ஸ் கிராஸ், அங்க பிக்கடிலி லைனுக்கு மாறினா மூணாவது ஸ்டேசன்ட பேரே ஆர்சனல்தான், தவறவே ஏலாது. ஆனா முதல் தரமே அவ்வளவு சனத்துக்குள்ள ஒரு புள்ளையோட தனிய போறது உங்களுக்கு கரச்சலா இரிக்கும். என்னக் கேட்டா முதல்ல டகனம் போங்க. வெஸ்ட்ஹாம் கிளப் பொம்புளையள் அங்கதான் அடிக்கிற. டிஸ்ட்ரிக்ட் லைன்ல ஒரே கோச்சி, மாறத் தேவயில்ல, டகனம் ஈஸ்ட்ல இறங்கி மெதுவா நடந்தாலும் பத்து நிமிசம் போகாது. ஆறாயிரம் பேர் மட்டில கொள்ற சின்னக் கிரவுண்ட், பந்த உதைக்கிற சத்தமே கேக்கும். வருசத்தில ஒருக்கா ஆர்சனலும் அங்க வரும், அது உங்கட மூணு மாசத்துக்குள்ள வருதா எண்டு பாருங்க.

டிக்கட் கிளப்ட சொந்த வெப்சைட்லயே எடுங்க, பேஸ்புக்ல விக்கிறவன்ட எடுக்காதீங்க. அது போனுக்குத்தான் வரும், உங்கட ஊர் சிம்ம நம்பி இராம மகள்ட பேர்ல எடுத்து அவட போனக் கொண்டு போங்க. சின்னாக்களுக்கு விலை குறைவு. பேக் சின்னதா இரிக்கணும், எமிரேட்ஸ்ல ஏ4 பேப்பர விட பெரிசெண்டா உள்ள விடமாட்டான். நேரத்த முதல் நாளும் ஒருக்கா பாருங்க, டிவிக்காக மாத்துவானுகள், ஞாயிறு பகல் பன்ரெண்டு மணிக்கே தொடங்கிற மெச்சும் இரிக்கு.

குளிர் தலையால வராது, காலாலதான் வரும். கீழ கொங்கிரீட். ரெண்டு சோடி மேஸ் போடுங்க. கச்சான் பத்தி எனக்குத் தெரியா, ஜக்கட் பொக்கட்டில போட்டா ஆர் கேக்கப் போறான்.

காரைதீவுக் காளை:

லண்டன் வரைக்கும் போய் பொம்புளையள் அடிக்கிற மெச்சா அக்கா? காசக் குடுத்துப் பார்க்கிறதெண்டா ஆம்புளையள்ற மெச்சப் பாருங்க. ஸ்பீட் இல்ல ஒண்டுமில்ல, இத ஆர் பார்க்கிற? ஒரு பவுண் நானூறு ரூவாக்கு மேல போகுது, அந்தக் காசுக்கு ஊருக்கு சொக்லட் வாங்கிட்டு வரலாம்.

பாசல் மச்சாள்:

தம்பி, ஆம்புளையள்ற மெச் டிக்கட் விலையக் கேட்டா நீங்க சொன்ன சொக்லட் ஒரு பெட்டியே வாங்கலாம், அதுவும் மெம்பர் ஆகாம கிடைக்கவும் மாட்டா.

நான் களுவாஞ்சிக்குடி, சுவிஸ்ல இரிக்கன். 2025 பொம்புளையள்ற யூரோ, அதான் ஐரோப்பா நாடுகள்ற கப், இஞ்ச நடந்த நேரம் ஜூலை 2 சுவிஸ்ட முதல் மெச், நோர்வேயோட, எங்கட பாசல் கிரவுண்டில. இவருக்கு விருப்பமில்ல, புள்ளையள் நச்சரிச்சதால வந்தவர். சுவிஸ் 2-1 எண்டு தோத்துப்போச்சு, ஆனா கிறுகி வாற வழி முழுக்க கத்திக்கொண்டு வந்தது இவர்தான். மெச் டிக்கட்டக் காட்டினா அண்டைக்கு கோச்சி, பஸ், ட்ராம் எல்லாம் சும்மா, அத இண்டைக்கும் சொல்லிச் சொல்லித் திரியிறார் மனுசன். அதே கிரவுண்டிலதான் 27ஆம் தேதி பைனல்ல இங்கிலாந்து ஸ்பெயின பெனால்டியில வெண்டது, அதுக்கு டிக்கட் கிடைக்கல, வீட்டுச் சோபாவில இருந்துதான் பார்த்த நாங்க.

ஆர் பார்க்கிற எண்டு கேட்டீங்க. 1920ல நத்தாருக்கு மறுநாள் லிவர்பூல்ல பொம்புளையள்ற ஒரு மெச்சப் பார்க்க 53,000 பேர் வந்த. அடுத்த வருசமே இங்கிலாந்து சங்கம் புட்போல் பொம்புளையளுக்கு பொருத்தமில்ல எண்டு சொல்லி அவங்கட கிளப் கிரவுண்ட் ஒண்டையும் பொம்புளையளுக்குக் குடுக்கப்படாது எண்டு தட போட்டுட்டான், அம்பது வருசம் அப்பிடியே கிடந்த. மறுகா 2022ல வெம்பிளியில இங்கிலாந்தும் ஜேர்மனியும் அடிச்ச யூரோ பைனலுக்கு 87,192 பேர். இடையில நாப்பத்தஞ்சு அம்பது வருசம் நாங்களும்தானே வேலிக்கு வெளிய நிண்ட, என்ன கல்லடி அக்கா.

காரைதீவுக் காளை:

சரி சரி மச்சாள், ஒரு வசனம் எழுதினதுக்கு வரலாற்றுப் பாடமே எடுத்திட்டீங்க. அக்கா நீங்க போங்க, போட்டோ போடுங்க.

அக்கரைப்பற்று புள்ள:

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஒண்டு சொல்றன். 2023ல அவுஸ்திரேலியால படிச்சிட்டு இருந்த நான், அடிலெய்ட்ல. வேர்ல்ட் கப் மெச் நடந்த, ஜூலை 30, மொரோக்கோவும் தென்கொரியாவும். புட்போல் எனக்குத் தெரியவே தெரியா, கூட இருந்த மொரோக்கோ புள்ள இழுத்துக்கொண்டு போனா. அண்டைக்குத்தான் மொரோக்கோ டீம்ட நுஹைலா பென்சினா தலையில ஹிஜாபோட விளையாடின, வேர்ல்ட் கப்ல அப்பிடி விளையாடின முதல் ஆள் அவதான். முந்தி உலக புட்போல் சங்கம் பீபா தலை மூடிக்கொண்டு விளையாட விடல, 2014லதான் விட்டது. மொரோக்கோ 1-0 வெண்ட, ஆறாவது நிமிசத்தில கோல், எங்களுக்கு முன்னுக்கு இருந்த உம்மா ஒராள் அழுதழுது கொடி ஆட்டின, ஆர் எவர் எண்டு தெரியாமலே எனக்கும் அழுக வந்திட்டு.

அக்கா, பாத்றூமுக்கு இடைவேளையில போகாதீங்க, அஞ்சு நிமிசத்துக்கு முதலே ஒழும்பிருங்க. ஆம்புளையள்ற மெச்சில அவங்கடதில லைன் நிக்கும், இதில நம்மடதிலதான் லைன். இத ஒருத்தரும் சொல்லித் தரமாட்டாங்க.

கல்லடி அம்மம்மா:

எல்லாருக்கும் நன்றி மக்காள். பவுண் கணக்கு சொன்ன தம்பி, எனக்கு பவுண் எண்டா இன்னும் கழுத்தில போடுறதுதான், அதால விலையப் பார்க்கல, மகள்தான் எடுத்த. ஆர்சனல் டகனத்துக்கு வாற நாள் நான் வர முதலே முடிஞ்சிட்டு, பேத்தி ரெண்டு நாள் முகத்தத் தூக்கிக்கொண்டு திரிஞ்சா, மறுகா வேற டீமெண்டாலும் பரவாயில்ல எண்டு இறங்கி வந்திட்டா.

கல்லடி அம்மம்மா:

டகனம் போயிட்டு வந்தாச்சு. நீங்க கேப்பீங்க எண்டு எழுதுறன், இன்னும் கால் விறைச்ச மாதிரித்தான் இரிக்கு, மேஸ் ரெண்டு காணாது தம்பி, மூணு போடணும்.

பேத்தி ஆர்சனல் சேட்டோடதான் வருவன் எண்டு அடம், வேற டீம்ட கிரவுண்டுக்கு இதப் போட்டா அடிப்பாங்களோ எண்டு எனக்கு வயித்தக் கலக்கின. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல, வாசல்ல நிண்ட வெள்ளக்கார அம்மா ஒராள் மட்டும் இவட சேட்டக் காட்டி என்னமோ பகிடி சொன்ன, இவளும் திருப்பிச் சொன்னாள், ரெண்டு பேரும் சிரிச்ச. எனக்கு இங்கிலீசு அந்தளவு வேகமா பிடிபடல.

மூணாவது வரிசையில இருந்த நாங்க. கோல் காக்கிற புள்ள முன்னால நிக்கிறவங்கள பேர் சொல்லி ஏசுறது அப்பிடியே கேக்குது, எங்கட அம்மா அடுப்படியில இருந்து எங்கள ஏசுற மாதிரி. ஒருத்தி விழுந்து முழங்கால் கிழிஞ்சு ஒழும்பி ஓடுறா, நான் ஐயோ புள்ள எண்டு கத்திட்டன். மறுகா ஒருத்தி கோலுக்கு முன்னால பந்த வச்சுக்கொண்டு யோசிக்கிறா, நான் என்னயறியாம ஒழும்பி நிண்டு "அடிகா, அடி" எண்டு கத்தினது எல்லாரும் திரும்பிப் பார்த்திரிப்பாங்க, பேத்தி முகத்தப் பொத்திட்டாள். அடிச்சா, ஆனா மேலால போச்சு. எத்தின கோல் எண்டு மட்டும் கேக்காதீங்க, எந்தப் பக்கம் எந்த டீம் எண்டே இடைவேளைக்குப் பிறகு குழம்பிட்டுது, பக்கம் மாத்துவாங்க எண்டு ஒருத்தரும் சொல்லலையே.

முடிஞ்ச பிறகு புள்ளையள் வேலியடிக்கு வந்து நிக்கிறாங்க, சின்னாக்களோட படம் எடுக்கிறாங்க. அந்த முழங்கால் கிழிஞ்ச புள்ளையும் வந்தா. பேத்தி கையெழுத்து வாங்கினாள். நான் காலக் காட்டி "நோவா?" எண்டு தமிழ்லயே கேட்டன், அவ "ஐம் ஓகே" எண்டாள், விளங்கித்தான் இரிக்கு.

கச்சான் பொக்கட்டில இருந்த, ஒருத்தனும் கேக்கல. பக்கத்தில இருந்த பொடியனுக்கும் கொஞ்சம் குடுத்த நான்.

ஆரையம்பதித் தம்பி, எமிரேட்ஸ்ல மேல் தட்டில இருந்தா முகம் தெரியுமா, இல்லாட்டி கீழ எடுக்கச் சொல்லவா? மகளும் வாறாவாம், பச்சப்புள்ளைய மருமகன் ஒரு நாள் லீவு போட்டுப் பார்க்கட்டும்.