ஓடைத் தண்ணீர் மின்சாரம்: லோடு போட்டதும் வோல்டேஜ் விழுகிறது, உதவுங்கள்

பேச்சிப்பாறைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஓடைத் தண்ணீரில் ஓடும் சின்ன மின்நிலையம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் மின்கம்பி கிடையாது. ரப்பர் ஷீட் அடிக்கும் புரைக்கும் (கொட்டகைக்கும்) இரண்டு வீட்டுக்கும் இதுதான் வெளிச்சம்.

அமைப்பு: 32 மீட்டர் உயரத்திலிருந்து 4 இஞ்ச் பிவிசி குழாய், விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீர், பெல்டன் சக்கரம் (நாசிலிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் சுழலும் டர்பைன்). ஜெனரேட்டராக ஓடுவது 2 ஹெச்பி, 4 போல், த்ரீ ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். கெப்பாசிட்டர் போட்டு சிங்கிள் ஃபேஸாக எடுக்கிறோம். நல்ல நாளில் 700 வாட் தாராளமாகக் கிடைக்கும்.

ஐப்பசி மழையில் பெரிய இடி விழுந்த வாரத்திலிருந்து பிரச்சினை. லோடு இல்லாதபோது 230 வோல்ட் காட்டும். பல்புகளோடு ஒரு ஃபேன் போட்டாலே 150-க்கு இறங்கி, அப்புறம் மொத்தமாக அணைந்துவிடும். முன்பு இதே லோடு சுகமாக ஓடியது.

நாசிலில் இலை, மணல் இல்லை. பிரஷர் கேஜ் ஓடும்போதும் 3 பாருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பெல்ட் புதுசு, நழுவவில்லை. கெப்பாசிட்டர்களை அதே அளவில் மாற்றியாயிற்று, பேரிங்கும் மாற்றினோம். லோடு போடும்போது வேகம் 1560-லிருந்து 1500 வரைதான் குறைகிறது. அதனால் தண்ணீர் பக்கம் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மோட்டாரைத் தொட்டால் முன்பைவிட நல்ல சூடு.

குலசேகரத்துக்குச் சுமந்து போய் ரீவைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை மறுபடி சுற்றுவது) கொடுப்பதற்கு முன், வைண்டிங்தான் போயிருக்கிறது என்று தோட்டத்திலேயே மல்டிமீட்டரை வைத்து உறுதிசெய்வது எப்படி?