ஆண்கள் காசு கொடுத்துக் கால் பராமரிப்பது வீண் செலவா?

நடைப்பயணி, திருச்சி:

எங்கள் அலுவலகத்தில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் மாதம் ஒருமுறை பார்லருக்குப் போய், கை கால்களைச் சுத்தம் செய்து நகம் திருத்தும் மேனிக்யூரும் பெடிக்யூரும் செய்துகொள்கிறார். எப்படியோ செய்தி கசிந்துவிட்டது. அன்றிலிருந்து அவரை விட்டபாடில்லை. "மருதாணியும் வைத்துக்கொண்டீர்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் யார் என்று பாருங்கள்: தலைக்குச் சாயம் பூசவும் தாடியை ஒதுக்கவும் ஃபேஷியல் போடவும் சலூனில் மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள். கணுக்காலுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஆண்மைக்கு என்ன குறை வந்துவிடுகிறது?

காலையில் மாட்டிய ஷூவை இரவில்தான் கழற்றுகிறோம். திருச்சி வெயிலில் சாக்ஸுக்குள் வேர்வை ஊறி விரலிடுக்கு வெளுத்துப் போகிறது. குதிகால் வெடிப்பு போர்வையில் மாட்டி இழுக்கிறது. கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்த பிறகுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்கு முன்பே தொழில் தெரிந்தவரிடம் காலைக் காட்டினால் என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சேவைகளுக்கான ஜிஎஸ்டியும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆண்கள் தயங்காமல் போக வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

தென்காசிக்காரன்:

நண்பரே, கேலி செய்தவர்கள் பக்கம் நான் இல்லை. உங்கள் கட்சியிலும் சேர மாட்டேன். 2005 இல் ஆண்களுக்கென்றே சிவப்பழகு க்ரீம் கடைக்கு வந்தது. ஆண் மட்டும் அழகாக இருக்கக் கூடாதா என்ற பேச்சு அன்றைக்கும் உண்டு. கறுப்பாகப் பிறந்த பையன்களைக் கண்ணாடி முன்னால் கூனிக்குறுக வைத்துத்தான் அந்த டியூப் விற்றது. முகம் முடிந்தது, தாடிக்கு எண்ணெய் வந்தது, இப்போது குதிகாலுக்கு வந்திருக்கிறார்கள்.

என் அப்பா நாற்று நட்டவர். சேற்றுப்புண் வந்தால் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவார். பித்தவெடிப்புக்குத் துணி துவைக்கும் கல்லில் குதிகாலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, படுக்கும்போது விளக்கெண்ணெய் பூசுவார். இதையே ஏசி அறையில் ரோஜா இதழ் மிதக்கும் தொட்டியில் செய்தால் எழுநூறு ரூபாய் கேட்கிறார்கள். வரி குறைந்தது என்கிறீர்கள். உள்ளீட்டு வரிச் சலுகையை எடுத்துவிட்டுத்தானே 5 ஆக்கினார்கள்? வாடகைக்கும் பொருளுக்கும் கட்டிய வரியைக் கடைக்காரர் கழித்துக்கொள்ள முடியாது. அதை நம் தலையில்தான் வைப்பார்.

அந்தத் தொட்டியையும் பேசுவோம். 2000 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகரில் ஒரே நகப் பராமரிப்புக் கடைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டி கட்டியாகக் கிளம்பியது. நீர் சுழலும் கால் தொட்டியின் வலைத்தகட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைத்துக் கிடந்தன. அதில் மைக்கோபாக்டீரியா என்ற கிருமியில் ஒரு வகை பெருகியிருந்தது. கட்டிகள் ஆற மாதக்கணக்கானது. அமெரிக்காவிலேயே அந்தக் கதி என்றால் நம் ஊர்த் தெருமுனைக் கடையை யார் திறந்து பார்க்கிறார்கள்?

வேலூர் செவிலி:

அண்ணன்மார் இருவரும் அழகையும் செலவையும் பேசுகிறீர்கள். நான் தினமும் பார்ப்பது விரலை இழந்தவர்களை.

2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை முதலில் காலின் உணர்ச்சி நரம்புகளைத்தான் கெடுக்கும். அதன் பிறகு முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. எங்களிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டாம் விரலின் நகம் வளைந்து வளர்ந்து பக்கத்து விரலைக் குடைந்துகொண்டிருந்தது. வலியே இல்லை என்றார். ரத்தம் படிந்த சாக்ஸைத் துவைத்த மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். "குனிந்து காலைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஆண்களில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. 1946 இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதால்தான் என்று எடுத்துக்காட்டினார். கை, கால்களைத் தினமும் சோதிப்பது, நீரில் ஊறவைத்துக் காய்ப்பைத் தேய்ப்பது, எண்ணெய் தடவுவது என்று நோயாளிகளுக்கு ஒரு வழக்கமே கற்றுக் கொடுக்கப்பட்டது. மிருதுவான மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பும் அந்தப் பணியில் வந்ததுதான். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதே செருப்பைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் பார்லருக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். உணர்ச்சி குறைந்த காலை வெந்நீரில் வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள்.

தென்காசிக்காரன்:

சகோதரி சொல்வது மருத்துவம். அதை மறுக்க நான் யார்? ஆனால் மருத்துவமனைக் கதையைக் காட்டிப் பார்லர் பில்லுக்கு நியாயம் தேடாதீர்கள். தினமும் காலைப் பார்க்க ஒரு கண்ணாடியும் நகவெட்டியும் போதும்.

நடைப்பயணி, திருச்சி:

பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. குனிந்தால் தொப்பை இடிக்கிறது, நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்குகிறது. வெட்டுகிறேன் பேர்வழி என்று நகத்தின் ஓரத்தைச் சதைக்குள் தோண்டி எடுக்கிறோம். அந்த ஓரம்தான் பிறகு உள்ளே வளர்கிறது.

இது பெண்கள் சமாச்சாரம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எகிப்தின் சக்காராவில் 1964 இல் ஒரு கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தாம் அரசமரபைச் சேர்ந்தது, ஏறக்குறைய 4,400 ஆண்டுப் பழையது. அதில் அடக்கமான நியான்க்குனும், குனும்ஹோட்டெப் என்ற இரு ஆண்களும் மன்னரின் நகப் பராமரிப்பாளர்களுக்கு மேற்பார்வையாளர்கள். அந்தப் பதவியைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

மணிமுத்தாறு:

மன்னர் காலை நீட்டினார், சரி. நம் ஊரிலும் பெரிய வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்தபடி நீட்டினார்கள். முகம் மழிப்பது, நகம் களைவது எல்லாவற்றையும் ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அறுவடை முடிந்ததும் களத்தில் கொஞ்சம் நெல்லை அளந்து போட்டோம். இந்த விவாதத்தில் இதுவரை எல்லோரும் காலுக்குச் சொந்தக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்திருப்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் நகத்தைத் தானே வெட்டக் கையிருக்கும் ஆண் இன்னொரு மனிதரிடம் காலை நீட்டக் கூடாது. என் எதிர்ப்பு இதுதான்.

அடைப்பம்:

மணிமுத்தாறு அவர்களே, அந்த ஸ்டூலில் உட்காருகிறவன் நான். நீங்கள் சொன்ன சாதியும் நான்தான். என் தாத்தா சவரக் கருவிப் பையான அடைப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், கொல்லைப்புறமாகத்தான் நுழைய வேண்டும், கூலி எவ்வளவு என்று கேட்கக் கூடாது. நான் சென்னையில் ஒரு சலூனில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். வருகிறவர் என்னிடம் நேரம் கேட்டுக்கொண்டு வருகிறார், விலைப்பட்டியல் சுவரில் இருக்கிறது, மரியாதை தவறிப் பேசினால் எழுந்துவிடுவேன். தாத்தாவை இழிவுபடுத்தியது கால் அல்ல, மறுக்க முடியாத நிலைமை. செவிலியும் காலைத் தொடுகிறார். அவரிடம் இதைச் சொல்வீர்களா? தொழிலைத் தொடாதே என்று எனக்குப் பரிவு காட்டாதீர்கள். கூலியை உயர்த்து, பிஎஃப் கொடு என்று முதலாளியிடம் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.

இனி வேலையைப் பற்றி. முதல் தடவை வரும் ஆண்கள் அநேகமாகக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார்கள். நாற்றம் அடிக்குமோ என்ற பயம். நான் காலை உடனே தண்ணீரில் வைப்பதில்லை. காய்ந்த காலைத்தான் முதலில் பார்ப்பேன். விரலிடுக்கில் வெள்ளைப் பிளவு இருக்கிறதா, நகம் மஞ்சளாகத் தடித்து உதிர்கிறதா, புண் உண்டா என்று. பூஞ்சை தெரிந்தால் தோல் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன். சர்க்கரை உண்டா என்று கேட்பேன். தண்ணீரின் சூட்டை என் முழங்கையால் பார்ப்பேன். நகத்தை நேர்க்கோட்டில் வெட்டி, முனையை மட்டும் அரத்தால் மழுக்குவேன். குதிகாலைப் பியூமிஸ் கல்லால் தேய்ப்பேன், பிளேடால் சீவ மாட்டேன். பிளேடு ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் ரத்தம்தான். கலிபோர்னியா உட்பட அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதற்குத் தடையே இருக்கிறது.

இன்னொன்று நகத்தடித் தோல். அதை வெட்டி எடுத்தால்தான் சுத்தம் என்று வாடிக்கையாளர்களே கேட்கிறார்கள். நகத்துக்கும் சதைக்கும் நடுவே கிருமி இறங்காமல் அடைப்பதே அந்தத் தோல்தான். வெட்டினால் நகச்சுற்று வந்து விரல் விண் விண்ணென்று தெறிக்கும். எண்ணெய் விட்டு மெல்லப் பின்னுக்குத் தள்ளுவதோடு நிறுத்திவிடுவேன்.

வேலூர் செவிலி:

தம்பி, இதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் காய்ந்த காலைப் பார்த்துவிட்டு "டாக்டரிடம் போங்கள்" என்று திருப்பி அனுப்பும் கடை அபூர்வம். பயிற்சியில் இதையும் கட்டாயமாக்க வேண்டும். எங்களிடம் வரும் நகப் புண்களில் பிளேடு பட்டவையும் உண்டு.

மணிமுத்தாறு:

அடைப்பம் சொன்னது வலிக்கிறது, யோசிக்கவும் வைக்கிறது. ஆனாலும் இந்த வேலைக்கு ஏன் இன்னும் பெரும்பாலும் அதே வீட்டுப் பிள்ளைகளும், ஊரை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த வடகிழக்குப் பிள்ளைகளுமே இருக்கிறார்கள்? மற்ற சாதிப் பையன் அந்த ஸ்டூலில் உட்காரும் நாள் வரை என் கேள்வி நிற்கும்.

தென்காசிக்காரன்:

சர்க்கரை இல்லாத, குனிய முடிகிற ஆணுக்கு இது தேவையில்லை என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. கல்லும் விளக்கெண்ணெயும் போதும். ஆனால் என் அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. கை நடுங்குகிறது, என்னை நகம் வெட்ட விடுவதும் இல்லை. அடைப்பம் தம்பி, அவரை ஒரு கடைக்கு அழைத்துப் போவதாக வைத்துக்கொள்வோம். கருவிகள் சுத்தம் என்பதை வாசலில் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்? எல்லாக் கடையிலும் ஒரு நீல விளக்குப் பெட்டியைக் காட்டுகிறார்கள்.

அடைப்பம்:

ஐயா, அந்த நீல விளக்கை நம்பாதீர்கள். சுத்தம் செய்த கருவியை வைத்திருக்க அது உதவும், அவ்வளவுதான். இரும்புக் கருவியைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவ் என்ற கிருமிநீக்கக் கலத்தில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம் அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். கல், மர அரம், குச்சி இவை ஒருவருக்குப் பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட வேண்டியவை. தொட்டிக்குப் புது பிளாஸ்டிக் உறை போடுகிறார்களா என்று பாருங்கள். நீர் சுழலும் தொட்டி வேண்டாம், சாதாரண பேசினே போதும். நீங்கள் சொன்ன வாட்சன்வில் சங்கதி அதில் நடக்க வழியில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு கடையில், நாற்காலியில் உட்காருமுன்னே, முத்திரை பிரிக்காத கருவிக் கவரைக் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் பிரிக்கத் தயங்கினால் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அது நான் வேலை செய்யும் கடையாக இருந்தாலும் சரி.