ஷீட் பைலும் ஹேமரும்: இரும்பு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

செந்தில்_சிவில் கேட்டது:

அஸ்திவார வேலை பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஷீட் பைலுக்கு (ஒன்றோடொன்று கோர்த்துச் சுவராக மண்ணில் அடித்து இறக்கும் தகடு) இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், வரலாறு அரை வரிகூடக் கிடையாது. ஆற்றுக்குள் மரத்தை அடித்து இறக்குவது பழைய வேலைதான், கி.மு. 55-இல் சீசரின் ஆட்கள் ரைன் நதியில் பத்தே நாளில் பாலம் போட்டபோது பைல்களைச் சாய்வாகவே அடித்திருக்கிறார்கள். அங்கிருந்து, அதிர்வால் பைலை இறக்கும் வைப்ரோ ஹேமர் வரை எப்படி வந்தோம்? இரும்பு கைவசம் இருந்தும் இரும்பு ஷீட் பைல் ஏன் 1900 வாக்கில்தான் பரவியது? வைப்ரோ வந்த பிறகும் டீசல் ஹேமரை ஏன் விடவில்லை? யாராவது கோர்வையாகச் சொல்லுங்களேன்.

பழைய_ரிக்:

ஹேமர் கதையை நான் சொல்கிறேன், ஷீட் பைலைத் தெரிந்தவர்கள் பிறகு வருவார்கள்.

வெகுகாலம் ஒரே முறைதான். பத்து இருபது பேர் கயிறு பிடித்து எடையைத் தூக்குவார்கள், விடுவார்கள். 1738 வாக்கில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்காக ஜேம்ஸ் வலூ என்ற கடிகாரக்காரர் குதிரைகளை வைத்து ஓடும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். குதிரைகள் சுற்றிச் சுற்றி நடக்க, கயிறு எடையை மேலே இழுக்கும், உச்சிக்குப் போனதும் இடுக்கி தானாக வாய் திறந்து எடையை விட்டுவிடும், பிறகு அதே இடுக்கி கீழே வந்து மறுபடி கவ்வும். இதில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். எடை கழன்ற நொடியில் இழுத்துக்கொண்டிருக்கும் குதிரைக்குப் பாரம் சட்டென்று போய்விடும், முன்னால் போய் விழும். அதைத் தடுக்க ஒரு சுழல் சக்கரத்தையும் சேர்த்திருந்தார். கடிகாரக்காரர் புத்தி!

அடுத்த பெரிய தாவல் 1840களில், ஜேம்ஸ் நாஸ்மித்தின் நீராவி ஹேமர். உயரத்திலிருந்து எப்போதோ ஒரு அடி என்பதை விட்டுவிட்டு, 4 டன் இரும்புக் கட்டையைக் குறைந்த உயரத்திலிருந்து நிமிடத்துக்கு 80 முறை வரை விழவிட்டார். சிலிண்டரே பைலின் தலையில் உட்கார்ந்து அதோடு கூடவே இறங்கும். அடிக்கும் அடிக்கும் நடுவில் மண் பைலை இறுக்கிப் பிடிக்க நேரமே கிடைக்காது, ரகசியம் அதுதான். டெவன்போர்ட் துறைமுகத்தில் பழைய முறையோடு போட்டி வைத்தபோது, ஆட்கள் 12 மணி நேரத்துக்கு மேல் எடுத்த பைலை இது நாலரை நிமிடத்தில் இறக்கியதாம். சொல்பவர் நாஸ்மித்தேதான், அதனால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ராபர்ட் ஸ்டீபன்சன் நியூகாசில் ஹை லெவல் பாலத்துக்கு இதையே எடுத்தார் என்பதால் சரக்கு இருந்திருக்கிறது.

கரையோரம்:

செந்தில், "இரும்பு இருந்தும் ஏன் வரவில்லை" என்கிறீர்கள். வந்தது, ஆனால் வார்ப்பிரும்பாக வந்தது. 1830களிலேயே லண்டன் பிளாக்வாலில் பிரன்ஸ்விக் வார்ஃபுக்கு (கப்பல் துறைக்கரைக்கு) வார்ப்பிரும்பு ஷீட் பைல் அடித்திருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால் வார்ப்பிரும்பு அடி தாங்காது, கல்லில் முட்டினால் விரிசல் விடும். அடியும் தாங்க வேண்டும், பக்கத்துப் பைலோடு பூட்டிக்கொள்ளவும் வேண்டும், அதை மலிவாக நீளநீளமாக உருட்டியும் எடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமையத்தான் இவ்வளவு காலம் ஆனது. என் கணக்கில் இது எஃகின் கதையை விட பூட்டின் கதை.

ஜெர்மனியில் பிரேமன் நகரத்து அரசுப் பொறியாளர் ட்ரிக்வே லார்சன் வாய்க்கால் வடிவத்தில் ஒரு பைலைக் கொண்டுவந்தார். 1902-இல் அங்குள்ள ஹோஹென்டோர்ஸ்ஹாஃபன் துறைக்கரையில் போட்டார்கள். ஆரம்பத்தில் பூட்டின் ஒரு பகுதியைத் தனியாக ரிவெட் அடித்தே சேர்த்தார்கள், ரோலிங் மில்லிலேயே பூட்டோடு சேர்ந்து உருண்டு வந்தது 1914-இல்தான்.

அதே சமயத்தில் அமெரிக்காவிலும் தனி வழியில் இதே தேடல் நடந்தது. அவர்களுக்குப் பெரிய சோதனை கியூபாவின் ஹவானா துறைமுகம். 1898-இல் வெடித்து மூழ்கிய மெயின் போர்க்கப்பலைச் சுற்றி 1910-11-இல் ஷீட் பைலால் 20 வட்ட அறைகள், ஒவ்வொன்றும் 50 அடி விட்டம், உள்ளே மண் நிரப்பி ஒரு காஃபர்டேம் (தண்ணீரைத் தடுத்து உள்ளே இறைத்து வேலை செய்ய வைக்கும் தற்காலிகச் சுவர்) கட்டினார்கள். உள்ளிருக்கும் மண் வெளியே பிதுங்கப் பார்க்கும், அதை இழுத்துப் பிடிப்பது பைலின் பூட்டு மட்டும்தான். தண்ணீரை இறைக்க இறைக்க அறைகள் உள்பக்கம் சாய, முட்டுக் கொடுத்து வேலையை முடித்தார்கள். கப்பல் வெளியே தெரிந்தது, 1912-இல் மிதக்கவிட்டு ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தார்கள்.

செந்தில்_சிவில்:

அருமை சார். U வடிவத்துக்கும் Z வடிவத்துக்கும் என்ன சண்டை? எல்லா இடத்திலும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கரையோரம்:

பூட்டு இருக்கும் இடம்தான் சண்டை. U-வில் பூட்டு சுவரின் நடுக்கோட்டில் வரும், வளையும்போது நீளவாக்கில் வழுக்கும் விசை அதிகமாக இருப்பது அங்கேதான். பூட்டு வழுக்கிவிட்டால் இரண்டு பைலும் ஒரே சுவராக வேலை செய்யாது, கணக்கில் போட்ட வலிமை கிடைக்காது. அதனால்தான் இரண்டு இரண்டாகப் பூட்டை நசுக்கியே அனுப்புகிறார்கள். Z-இல் பூட்டு வெளி விளிம்பில் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஒற்றை Z-ஐ அடித்தால் முறுக்கிக்கொண்டு போகும், அதையும் ஜோடியாகத்தான் இறக்குவார்கள்.

நிலத்தடி:

டீசல் கேள்வி விட்டுப்போச்சு. டீசல் ஹேமர் 1930களில் ஜெர்மனியில் வந்தது. பிஸ்டனேதான் சுத்தியல்: விழும்போது காற்றை அழுத்தும், அடி விழும் நேரத்தில் எரிபொருள் பற்றி பைலைக் கீழேயும் பிஸ்டனை மேலேயும் தள்ளும். பாய்லர் வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம். சேற்று மண்ணில் மட்டும் மானத்தை வாங்கும், பைல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் எழும்பாது, அடுத்த அடிக்குப் பற்றவும் பற்றாது.

வைப்ரோ சோவியத் பொறியாளர் பர்கான் ஆராய்ச்சியிலிருந்து வந்தது, 1949-50 வாக்கில் கோர்க்கி நீர்மின் நிலைய வேலையில் ஷீட் பைல்களைச் சில நிமிடங்களில் இறக்கிக் காட்டினார்கள். நீர் ஊறிய மணலில் அதிர்வு பட்டதும் மண் பிடியை விட்டுவிடும். கெட்டிக் களிமண்ணில் அது நடக்காது. இன்னொன்று, அடிக்கும் ஹேமரில் ஒரு அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பைல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லலாம், வெலிங்டன் 1888-இல் கொடுத்த சூத்திரமே அந்த வகைதான். வைப்ரோவில் எண்ண அடியே கிடையாது. அதனால் பாரம் தாங்க வேண்டிய பைலை வைப்ரோவில் பாதி இறக்கிவிட்டு, கடைசியில் அடித்தே முடிக்கிறார்கள்.

சத்தமும் கூடாது, அதிர்வும் கூடாது என்றால் ஜப்பானில் 1975-இல் வந்த அழுத்தும் இயந்திரம் இருக்கிறது. ஏற்கனவே இறக்கிய பைல்களைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அழுத்தும். முதல் சில பைல்களுக்குக் கவ்வ எதுவும் இருக்காது, அதற்கு எடை ஏற்றிய சட்டம் ஒன்றை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.